பாடசாலைக் கதவு திறந்த விதம்: பெருந்தொற்றுக் காலம் எமக்குக் கற்பித்தவை

பாடசாலை மூடப்படுவது எமது மக்களுக்குப் புதிய விடயமல்ல. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது பாடசாலையையும் விட்டுத்தான் பெயர்ந்தோம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் சில வாரங்களுக்குள் புளியமரத்தின் கீழும், தறப்பாளின் கீழும், ஆலய விறாந்தையிலும் வகுப்புகள் தொடங்கிவிடும். கரும்பலகை இல்லாவிட்டால் தகரத்தில் கரி பூசி எழுதினோம். இரண்டு பாடசாலைகள் ஒரே கட்டிடத்தில் காலையும் மாலையுமாக இயங்கின. கட்டிடம் போனது, ஆனால் பிள்ளைகள் ஒன்றுகூட முடிந்தது.

2020 ஆம் ஆண்டு வந்த கொவிட் - 19 பெருந்தொற்று இதனைத் தலைகீழாக்கியது. கட்டிடம் நின்றது, கதிரை மேசை இருந்தது, ஆசிரியரும் இருந்தார். ஒன்றுகூடுவதுதான் ஆபத்தாயிற்று. அகதி வாழ்வில் நாம் பழகிக்கொண்ட வழிகள் எவையும் அப்போது உதவவில்லை.

அது முடிந்துபோன கதை என்று சிலர் நினைக்கலாம். அண்மையில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் ஒரு தாய் எம்மிடம் சொன்னார்: "சுவாமி, பிள்ளை இப்ப பெரிய வகுப்பு. ஆனா இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்குது." அந்தப் பிள்ளை முதலாம் தரத்திற் சேர்ந்தது 2020 ஆம் ஆண்டு ஜனவரியில். இரண்டு மாதம் கழிந்ததும் பாடசாலை பூட்டப்பட்டது. எழுத்துப் பழகவேண்டிய இரண்டு ஆண்டுகள் அப்படியே போய்விட்டன. விதைப்புக் காலத்தில் விதைக்காத வயலிற்குப் பின்னர் எவ்வளவு பசளை போட்டாலும் விளைச்சல் குறைவுதான் என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அக்காலத்தில் அரசாங்கம் பாடசாலைகளை எப்படி மூடியது, எப்படித் திறந்தது, எங்கே சரி, எங்கே பிழை என்பதை அமைதியாகப் பார்ப்பது நல்லது. வெள்ளமோ புயலோ வேறொரு நோயோ வரும்போது மீண்டும் இதே கேள்வி எழும்.

மூடியதும் திறந்ததும்

2020 மார்ச் மாதம் 13 ஆம் திகதி முதல் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில், மார்ச் 20 ஆம் திகதி, ஊரடங்குச் சட்டம் வந்தது. தொற்று எப்படிப் பரவுகிறது என்று உலகமே தடுமாறிய நாட்கள் அவை. அந்த முதல் மூடலை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் அலை தணிந்ததும் படிப்படியாகத் திறக்கத் திட்டமிடப்பட்டது. ஜூன் 29 ஆம் திகதி அதிபர்களும் ஆசிரியர்களும் வந்து வளவைத் துப்புரவாக்கி, கை கழுவும் இடம் அமைத்து, கதிரைகளை ஒரு மீற்றர் இடைவெளியில் வைத்தனர். ஜூலை 6 ஆம் திகதி 5 ஆம், 11 ஆம், 13 ஆம் தரங்கள் வந்தன. ஒரு கிழமைதான் நடந்தது. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து ஒரு தொற்றுக் கொத்தணி கிளம்பியதால் ஜூலை 13 ஆம் திகதி மீண்டும் கதவு மூடப்பட்டது. ஜூலை இறுதியில் மேல்வகுப்புகள் மறுபடி தொடங்கின. ஓகஸ்ட் 5 ஆம் திகதி பொதுத்தேர்தல் முடிந்தபின், 10 ஆம் திகதி ஏனைய வகுப்புகளும் வந்தன.

ஒக்டோபர் 4 ஆம் திகதி மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெளிப்பட்டது. மறுநாளே எல்லாப் பாடசாலைகளும் மூடப்பட்டன. நவம்பர் 23 ஆம் திகதி மேல் மாகாணத்திற்கு வெளியே 6 ஆம் தரம் முதல் 13 ஆம் தரம் வரை திறந்தன. சின்னப் பிள்ளைகள் 2021 ஜனவரி 11 ஆம் திகதி வரை காத்திருந்தனர். மேல் மாகாணம் இன்னும் பிந்தியது. எல்லாம் வழமைக்கு வருகிறது என்று எண்ணிய வேளையில், ஏப்ரல் இறுதியில் மூன்றாம் அலை வந்தது. இந்தத் தடவை மூடிய கதவு ஏறத்தாழ ஆறு மாதம் திறக்கவில்லை.

2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி, 200 இற்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டன. நவம்பர் 8 ஆம் திகதி 10 முதல் 13 வரையான தரங்களும், நவம்பர் 22 ஆம் திகதி 6 முதல் 9 வரையான தரங்களும் வந்தன. பெரிய வகுப்புகளைப் பிரித்து, ஒரு பகுதியினர் ஒரு வாரமும் மறுபகுதியினர் மறுவாரமுமாக வரும் ஒழுங்கும் செய்யப்பட்டது.

அத்துடன் துன்பம் முடியவில்லை. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் ஆசிரியரும் பிள்ளைகளும் பாடசாலைக்குப் போக முடியாத நிலை வந்து, மீண்டும் பல வாரங்கள் வகுப்புகள் நின்றன.

யார் தீர்மானித்தார்கள்?

எமது நாட்டில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் உண்டு. தேசியப் பாடசாலைகள் என்னும் சில நூறு பெரிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வியமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ளன. மிகுதி அனைத்தும் மாகாண சபைகளுக்குரியவை. மாகாணத்திற்குக் கீழே வலயக் கல்விப் பணிமனை, அதற்குக் கீழே கோட்டக் கல்விப் பணிமனை, அதற்குக் கீழே அதிபர் என்று ஒழுங்கு இருக்கிறது.

சுகாதாரப் பக்கத்திலும் இதேபோல ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பிரதேசத்திற்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் வீடு வீடாக ஊரை அறிந்தவர்கள். எந்தக் கிராமத்தில் நோய் இருக்கிறது, எந்தக் கிராமத்தில் இல்லை என்பதை இவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்?

இவ்விரு ஒழுங்குகளும் ஊர் மட்டத்திற் சந்தித்துத் தீர்மானம் எடுத்திருக்கலாம். நடந்தது வேறு. பெரும்பாலான தீர்மானங்கள் கொழும்பில் எடுக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. ஆளுநர்களும் மாகாணக் கல்வி அதிகாரிகளும் சில வேளைகளில் அந்தந்தப் பகுதிக்கேற்பத் தளர்வு செய்தனர் என்பது உண்மை. ஆனால் மக்கள் தெரிவு செய்த மாகாண சபை அப்போது எங்கும் இயங்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. எனவே பெற்றோரின் குரல் மேலே போவதற்கான படிக்கட்டில் ஒரு படி இல்லாமலே இருந்தது.

இதனால் வந்த பெரிய இழப்பு சிறிய பாடசாலைகளுக்கே. 2021 ஒக்டோபரில் முதலிற் திறக்கப்பட்ட 200 இற்குக் குறைந்த மாணவருள்ள பாடசாலைகள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவை. அதாவது, நாட்டின் பாடசாலைகளில் ஏறத்தாழப் பாதி! இவற்றிற் பெரும்பாலானவை எங்களுடையவை போன்ற கிராமங்களில் உள்ளவை. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நடந்து வரும் தூரம். காற்றோட்டமான அரைச்சுவர்க் கட்டிடம். பேருந்து நெருக்கடி இல்லை. ஐயாயிரம் பிள்ளைகள் படிக்கும் கொழும்புப் பாடசாலைக்கும் ஐம்பது பிள்ளைகள் படிக்கும் குளக்கரைப் பாடசாலைக்கும் ஒரே பூட்டுப் போடப்பட்டது. சிறிய பாடசாலை ஆபத்துக் குறைந்தது என்பதை அரசாங்கம் அறியாமலில்லை. 2020 ஓகஸ்டிலேயே 200 என்ற எல்லையை வைத்து, அதற்குட்பட்டவை நாள்தோறும் நடக்கலாம், கூடியவை வகுப்புகளை நாள் பிரித்து அழைக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்திருந்தது. அந்த நல்ல அறிவு அடுத்த அலையில் மறக்கப்பட்டதுதான் எமது மனவருத்தம்.

எந்த வகுப்பு முதலில்?

திறக்கும்போது எல்லோரையும் ஒரே நாளில் அழைக்க முடியாது. யாரை முதலில் அழைப்பது என்பதில் இரண்டு எண்ணங்கள் உண்டு.

ஒன்று, பரீட்சை எழுதுவோர் முதலில் என்பது. 2020 ஜூலையில் நாம் செய்தது இதுவே. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்றும் எமது நாட்டில் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை. அரசாங்கம் அவற்றை விடாப்பிடியாக நடத்தியது. 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை பரவிக்கொண்டிருந்தபோதே உயர்தரப் பரீட்சை நடந்தது. மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். தனிமைப்படுத்தலில் இருந்தவர்களுக்கும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. இது பாராட்டப்படவேண்டியது. ஆனால் பின்னர் வந்த பரீட்சைகள் பிந்தின. 2020 இன் சாதாரண தரம் 2021 மார்ச்சிலும், 2021 இன் சாதாரண தரம் 2022 மே மாதத்திலும் நடந்தன. பதினாறு வயதுப் பிள்ளை பரீட்சைக்காகவும் பெறுபேற்றுக்காகவும் மாதக்கணக்கில் வீட்டிலிருந்தால், குடும்பம் வறியதாயின் அது கூலி வேலைக்கே போகும். போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

மற்றது, சின்னப் பிள்ளைகள் முதலில் என்பது. டென்மார்க் நாடு 2020 ஏப்ரல் 15 ஆம் திகதி முதலே சிறு வகுப்புகளைத் திறந்தது. இந்த நோய் சிறு பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்குவது குறைவு என்பதும், எழுத்தும் எண்ணும் பழகும் வயதில் ஆசிரியர் அருகில் இருந்தே ஆகவேண்டும் என்பதும் இதற்குக் காரணங்கள். பதினேழு வயது மாணவன் புத்தகத்தைத் தானே வாசிப்பான். ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து "அ" எழுதப் பழக்குவதற்குத் தொலைபேசியாற் கூடுமா? எமது நாடு இந்த வழிக்கு வந்தது 2021 ஒக்டோபரிற்றான்.

விளைந்த வயலையும் காப்பாற்ற வேண்டும், நாற்றுமேடையையும் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் குறைந்த காலத்தில் விளைந்த வயலுக்கு மட்டும் பாய்ச்சினால் அடுத்த போகத்திற்கு நாற்று இராது.

தொலைபேசிக் கல்வியும் கிராமமும்

பாடசாலை மூடியிருந்தபோது அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சியில் சிங்களத்திலும், தமிழுக்கு நேத்ரா அலைவரிசையிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திற் பாடங்கள் ஏற்றப்பட்டன. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பயிற்சித் தாள்களை அனுப்பினர். பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கினர்.

ஆனால் அக்காலத்தில் எமது நாட்டில் கணினி இருந்த வீடு ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்றுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு வந்தபின் மூத்தவர், அடுத்தவர் என்று மாறி மாறிப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது அது நித்திரையாகிவிடும். பதுளை மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் பிள்ளைகள் அலை கிடைக்கும் பாறை உச்சிக்கு ஏறிச் சென்று படித்த செய்தி உலகெங்கும் போனது. எமது பகுதியிலும் வயல் நடுவே மண்மேட்டில் நின்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்த பிள்ளைகளை நாம் கண்டோம்.

சில அதிபர்கள் வேறு வழி கண்டனர். பயிற்சித் தாள்களை அச்சிட்டு ஊர்க் கடையில் வைத்தனர். பிள்ளைகள் எடுத்துச் செய்து அதே கடையிற் கொடுக்க, ஆசிரியர் வாரம் ஒருமுறை திருத்தினார். செலவு குறைந்த இந்த முறை தொலைபேசி இல்லாத வீட்டிற்கும் போய்ச் சேர்ந்தது. மேலிருந்து கட்டளை வராமலே செய்யப்பட்ட வேலை இது.

இன்னொரு இழப்பையும் சொல்லவேண்டும். பாடசாலை நின்றபோது அங்கு கிடைத்த பகலுணவும் நின்றது. சில பிள்ளைகளுக்கு அந்த நாளின் நல்ல சாப்பாடு அதுவாகவே இருந்தது.

ஆசிரியர்களின் பணிப்புறக்கணிப்பு

2021 ஜூலை 12 ஆம் திகதி முதல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப்படாத சம்பள முரண்பாடும், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலமும் அதற்குக் காரணங்கள். ஒக்டோபர் 25 ஆம் திகதிதான் அவர்கள் பணிக்குத் திரும்பினர்.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியாகாது. ஆசிரியரின் குறை நியாயமானது. அதை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டவை மாறி மாறி வந்த அரசாங்கங்கள். ஆனால் இரு தரப்பும் பேசிக்கொண்டிருந்த அந்த மூன்று மாதமும் யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை தப்பித்துக்கொண்டது. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் கணக்கிற்றான் அது விழுந்தது.

உகண்டா தரும் பாடம்

ஆபிரிக்காவின் உகண்டா நாடு எம்மைப்போல விவசாயிகள் நிறைந்த நாடு. அங்கே 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் இடையிற் சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்து மீண்டும் மூடி, கடைசியில் 2022 ஜனவரி 10 ஆம் திகதிதான் முழுமையாகத் திறந்தன. உலகில் மிக நீண்ட காலம் மூடியிருந்த நாடுகளில் அது முன்னணியில் உள்ளது. கதவு திறந்த நாளில் பல பிள்ளைகள் வரவில்லை. சிறுமிகள் சிலர் தாய்மாராகியிருந்தனர். பையன்கள் கூலிகளாகியிருந்தனர். வருமானமில்லாத தனியார் பாடசாலைகள் சில வேறு வியாபார இடங்களாகியிருந்தன. பாடசாலையைத் திறப்பது ஒரு வேலை, பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது இன்னொரு வேலை என்பதை அந்நாட்டு அனுபவம் காட்டுகிறது.

குளக்கூட்டம் காட்டும் வழி

குளத்துத் துருசு எப்போது திறக்கவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? ஒவ்வொரு போகத்திற்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிபர் அல்லது அவரது பிரதிநிதி தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்வார். கமநல சேவை உத்தியோகத்தர் விதையும் பசளையும் பற்றிச் சொல்வார். கமக்கார அமைப்புகள் தம் கருத்தைச் சொல்லும். சண்டையும் வரும், சத்தமும் வரும். ஆனாலும் முடிவில் எத்தனை ஏக்கர், எந்தத் திகதி என்று தீர்மானமாகும். எல்லாக் குளத்திற்கும் ஒரே நாள் என்று கொழும்பிலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை. இட்டால் நிரம்பிய குளம் வழிந்தோடும், வற்றிய குளத்து வயல் கருகும்.

பாடசாலைக்கும் இப்படி ஒரு கூட்டம் தேவை. சுகாதார வைத்திய அதிகாரி ஊரில் நோய் எவ்வளவு என்று சொல்லட்டும். கோட்டக் கல்வி அதிகாரியும் அதிபரும் இடவசதியைச் சொல்லட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் பெற்றோர் பேசட்டும். மேலே உள்ளவர்கள் எல்லைகளை வகுக்கட்டும். எத்தனை நோயாளர் என்றால் மூடவேண்டும், எத்தனைக்குக் குறைந்தால் திறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதித் தரட்டும். அந்த எல்லைக்குள் தீர்மானம் ஊரில் எடுக்கப்படட்டும். ஆபத்து வந்தபின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கும் நிலை அப்போது மாறும்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யவேண்டியதைச் சொன்னோம். எமது கையில் உள்ளவையும் சில உண்டு.

முதலாவது, ஊரில் உள்ள பிள்ளைகளை எண்ணுங்கள். எமது நாட்டுச் சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ வீடு வீடாகப் போய், யார் போகிறார், யார் நின்றுவிட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதலாம். இது யாரையும் காட்டிக்கொடுப்பதற்கல்ல. எண்ணாவிட்டால் தொலைந்தது தெரியாது.

இரண்டாவது, நின்ற பிள்ளையைத் திரும்பச் சேர்க்க அதிபரிடம் போங்கள். இடம்பெயர்வினால் பத்திரங்கள் தவறியிருந்தால் அதையும் மறைக்காமற் சொல்லுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் கோட்டக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தனியே போகாமல் நாலு பெற்றோராகப் போங்கள்.

மூன்றாவது, பின்தங்கிய பிள்ளையைத் திட்டாதீர்கள். அது பிள்ளையின் பிழையல்ல. மாலையில் ஒரு மணி நேரம், உயர்தரம் படித்த பிள்ளை ஒருவர் ஐந்தாறு சிறுவரை வைத்து வாசிக்கப் பழக்கினாற் போதும். ஆலய மண்டபமோ கோவில் மடமோ இதற்கு இடம் தரும்.

நான்காவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குப் போங்கள். வெள்ளத்தின்போது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாடசாலையிற் தங்கநேர்ந்தால் வகுப்புகளை எங்கே நடத்துவது, நோய் வந்தால் பயிற்சித் தாள்களை எந்தக் கடையில் வைப்பது, யார் வீடு வீடாகக் கொடுப்பது என்பதை இப்போதே பேசி எழுதி வையுங்கள். மழைக்கு முன் குளக்கட்டைத் திருத்துவது போன்றது இது.

நூறு ஆடுகள் வைத்திருந்த ஆயன், தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போனதை நாம் அறிவோம். அவனுக்கு ஒன்று குறைந்தது தெரிந்தது, ஏனென்றால் அவன் எண்ணினான். பாடசாலைக் கதவு மீண்டும் திறந்துவிட்டது என்று நாடு நிம்மதி அடைந்துவிட்டது. அந்தக் கதவுக்குள் இன்னும் வராத பிள்ளை எமது ஒழுங்கையில், எமது முகாமில், எமது வயற்கரையில் நிற்கிறது. அதன் பெயர் எமக்குத் தெரியும். போய்க் கூப்பிடுவோம்.